தாங்கும் என்று சொன்னேன்

அந்த வண்டியை நான் வாங்கியது பயத்தில். விற்றதும் பயத்தில்தான். இடையில் இருந்த பதினான்கு வருடமும் அதைப் பழுதுபார்த்தபடியே கழிந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது கிள்ளானில் பெரிய மழை. எங்கள் சின்ன கார் சாலை நடுவில் நின்றுபோனது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்தது. பின்னிருக்கையில் அவள் புத்தகப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பா, புக்கெல்லாம் நனையுதுப்பா" என்றாள். தண்ணீர் இருக்கையைத் தொட்ட பிறகும் புத்தகத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். கதவு திறக்கவில்லை. பின்னால் வந்த லோரிக்காரர் ஒருவர் இறங்கி, ஜன்னல் வழியாக அவளை வெளியே இழுத்தெடுத்தார். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து மழை இருட்டினால் அவள் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்த மாதமே உயரமான ஒரு ஃபோர்வீல் வண்டி வாங்கினேன். எட்டு வருடப் பழசு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், இடுப்பளவு தண்ணீரிலும் போகும் என்றார்கள். நான்கு சக்கரத்தையும் சேர்க்கும் அந்தக் குட்டைக் கம்பியை இத்தனை வருடத்தில் நான் மூன்று முறை இழுத்திருப்பேன். அதில் ஒருமுறை சும்மா, இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது ஃபோர்மேனின் பட்டறை. இங்கே மெக்கானிக்கை யாரும் மெக்கானிக் என்று சொல்வதில்லை, எல்லோரும் ஃபோர்மேன்தான். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்த சீனர். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மலாயில் பேசிக்கொள்வோம். நான் இடைநிலைப்பள்ளியில் பாசா மலேசியா, அதாவது மலாய் மொழி, கற்பிக்கிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியர்களை மலாயில் அப்படித்தான் அழைப்பது. கழற்றிய சாமானை நாளிதழ் விரித்து அதன்மேல் வைத்து, டாக்டர் எக்ஸ்ரே காட்டுவதுபோல எனக்குக் காட்டுவார். தண்ணீர் பம்ப், கியர்பெட்டியின் பல், அச்சு வளையம் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. வண்டியின் உள்ளுறுப்புகளை நான் பார்த்த அளவுக்கு வேறு எந்த ஆசிரியரும் பார்த்திருக்க மாட்டார்.

"சம்பந்தி வீட்டுக்குக்கூட யாரும் இத்தன தடவ போவ மாட்டாங்க" என்பாள் மனைவி. பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர், "சார், அந்த வண்டி உங்களதா, ஃபோர்மேனோடதா? யாரு வீட்டுல அதிகமா தூங்குது?" என்று கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்லாதவர்கள் இல்லை. நான் கேட்கவில்லை. மழை பெய்யும் நாளில் மகள் அந்த உயரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தால் போதும் எனக்கு.

கடைசியில் வந்தது பிரேக் கோளாறு. பிரேக் பெடலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பம்பின் உள்சுவரில் கீறல் விழுந்துவிட்டது. காலை வைத்து அழுத்தினால் பெடல் பிடிக்கும். பிடித்தபடியே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். புது ரப்பர் வளையங்கள் போட்டால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும். பிறகு கீறல் ரப்பரைத் தின்றுவிடும். முழுப் பம்பையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த மாடலுக்குப் புதுப் பம்ப் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடைகளில் தேடச் சொல்லியிருப்பதாக ஃபோர்மேன் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் என் கால் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே இரண்டு முறை லேசாக மிதிப்பது, மூன்றாவது முறை முழுதாக அழுத்துவது. செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு பிற்பகல் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். அழுத்திய பெடல் இறங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டது. வண்டி நகர்ந்து முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். ஓட்டியவரின் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. அது திரும்பி, என் வண்டியின் முன்கம்பி தன் முதுகில் படுவதைப் பார்த்தது. குழந்தையின் அப்பா இறங்கி வந்து மலாயில் என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். வாத்தியாராக இருந்து நான் கற்றுத்தராத சொற்கள் அவை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மன்னிப்புக் கேட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மகள் வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அப்பா, ஃபோர்வீல எனக்குக் குடுத்துருங்கப்பா. வேலைக்கு அதுலயே போறேன். நீங்க அம்மாவோட சின்னக் கார எடுத்துக்குங்க."

"வேணாம்."

"ஏன்? சின்ன வயசிலேருந்து அதுலதான உக்காந்து வந்தேன். ஓட்டத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

"பிரேக் இல்ல அதுல. அது வண்டி இல்லம்மா, சவப்பெட்டி. நீ அதுல ஏறுனா நான் இங்க உயிரோட இருக்க மாட்டேன்."

நான் இப்படிப் பேசுகிறவன் அல்ல. அவள் முகம் மாறிவிட்டது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "சரிப்பா" என்றாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னால் நம்பிவிடுவாள். அப்படித்தான் வளர்ந்தாள்.

அந்த வாரமே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பெயர் மாற்றுவதற்கு முன் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். முந்திய நாள் ஃபோர்மேன் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரேக் போலே தாஹான் லா, சிக்கு. தாப்பி ஜாஙான் லாமா-லாமா." பரவாயில்லை, ஆனால் ரொம்ப நாளைக்கு இப்படியே விடாதே என்று பொருள். விற்பதாக இருந்தால் வாங்குகிற ஆளிடம் பம்ப் விஷயத்தைச் சொல்லிவிடு, பம்ப் கிடைத்தால் நானே மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். மறுநாள் பரிசோதனையில் வண்டி தேறியது. புது ரப்பருக்கு அது பெரிய விஷயமில்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் சரியான ஆள் வந்தார். அதற்குள் பெடல் மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவர் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு மேற்பார்க்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தார். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை சேறாகிவிடுகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக முடியவில்லை, அதற்குத்தான் வண்டி என்றார். நான் பதினான்கு வருடத்துக்கு முன் சொன்ன அதே காரணம். அதைக் கேட்ட பிறகும் பம்ப் விஷயத்தை நான் எடுக்கவில்லை.

"வேற ரெண்டு மூனு வண்டி பாத்தேன் சார். எல்லாம் ப்ரோக்கர் வண்டி. உங்க விளம்பரத்துல டீச்சர்னு போட்டிருந்திச்சி. வாத்தியார் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்னு இவ சொன்னா" என்று மனைவியைக் காட்டினார். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்தாள்.

நான்தான் ஓட்டிக் காட்டினேன். அவர் பக்கத்தில், மற்றவர்கள் பின்னால். பெரிய சாலையில் ஒரு சுற்று. ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் என் கால் இரண்டு முறை மிதித்தது. அவர் என் காலைப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தைத்தான் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும், "நான் ஒரு ரவுண்டு போவட்டா சார்?" என்று கேட்டார். "இன்சூரன்ஸ் என் பேருல இருக்கு. பெரிய ரோட்டுக்கு வேணாம், தாமானுக்குள்ளயே ஓட்டிப் பாருங்க" என்றேன். எங்கள் குடியிருப்புக்குள் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தார். விளக்கில் பெடலை அழுத்தியபடி நிற்க வேண்டியில்லாத தெருவில் அந்தக் கோளாறு தெரியாது. அது எனக்குத் தெரியும்.

இறங்கியவர் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"பிரேக்கெல்லாம் எப்படி சார்?"

"இப்பதான் ஃபோர்மேன்கிட்ட காட்டினேன். தாங்கும்னு சொன்னாரு."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் இதற்கு வந்து சேரப் பிடித்த நேரம்.

போலே என்றால் முடியும். தாஹான் என்றால் தாங்குவது. சொல் சொல்லாகப் பிரித்தால் 'தாங்க முடியும்'. ஆனால் மலாய் பேசுகிற எவரும் அதை அப்படிப் பிரிப்பதில்லை. கடைச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் போலே தாஹான் என்பார்கள். பெரிய ருசி இல்லை, வாயில் வைக்கலாம் என்று அர்த்தம். ஒரு மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பெயர்க்காதே என்று இருபத்தாறு வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள்தான் இந்தத் தவற்றை அதிகம் செய்வார்கள், தாஹானும் தாங்குவதும் காதுக்குப் பக்கத்தில் இருப்பதால். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு அனுப்புவேன். அன்று அந்தத் தவற்றை நானே செய்தேன், தெரிந்தே செய்தேன். ஃபோர்மேன் சொன்னதில் முதல் பாதியை எடுத்து, அதையும் தப்பாகப் பெயர்த்து, ஒரு மனிதனின் கையில் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சொல் தேவைப்பட்டது. அது கையில் இருந்தது.

அவர் கேள்வியை முடித்துக்கொண்டார். "ஃபோர்மேனே சொல்லிட்டாருன்னா சரி சார்."

பெயர் மாற்றம் முடிந்து வண்டியை எடுக்க வந்த அன்று அவர் மனைவி நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். "சாவிய உங்க கையாலயே குடுங்க சார். படிச்சவங்க கை" என்றாள். கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டின. வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. மனைவி, "அப்பாடா, தொலைஞ்சிச்சி" என்றாள். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை காலை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த என் போன் அடிக்க, மகள் எடுத்திருக்கிறாள். துண்டோடு வெளியே வந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"இல்லண்ணே, அது அப்படி இருக்கக் கூடாது. இன்னிக்கு ஓட்டாதீங்க. புள்ளைங்கள ஏத்தாதீங்க. நான் கூப்புடுறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வண்டி வாங்குனவரு. பெடல் உள்ள போவுதாம். பழைய ஃபோர்வீல்னா அப்படித்தானா, பழகிக்கணுமான்னு கேக்குறாரு. நீங்க அவருகிட்ட சொல்லலியாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஃபோர்மேன் சொன்னத சொன்னேன். போலே தாஹான்னாரு. தாங்கும்னு சொன்னேன்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "அப்பா, நீங்க பாசா மலேசியா டீச்சர்ப்பா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகப் பிடிபட்டவனுக்கு வருகிற கோபம். "பழைய வண்டி வாங்குறவன் கேட்டு வாங்கணும். நானா அவன் கைய புடிச்சு இழுத்தேன்?" என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் மகள். "என்கிட்ட சவப்பெட்டின்னீங்க. அவருகிட்ட தாங்கும்னீங்க. ரெண்டுல எது பொய்?"

உண்மையைச் சொல்ல அது ஒரு வாசல். அவளே திறந்து வைத்தாள். அவரிடம் சொன்னதுதான் பொய் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கே முடிந்திருக்கும். வெட்கத்தோடு முடிந்திருக்கும்; ஆனால் முடிந்திருக்கும். என்னால் மகளின் முன் பொய்யனாக நிற்க முடியவில்லை. அதனால் அவரிடம் சொன்ன பொய்யைச் சின்னதாக்க, அவளிடம் சொன்ன உண்மையைப் பொய்யாக்கினேன்.

"உன்கிட்ட கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்மா. பயத்துல. அவ்ளோ மோசமெல்லாம் இல்ல. ரெண்டு தடவ மிதிச்சிட்டு மூணாவது அழுத்துனா நிக்கும். நான் மாசக்கணக்கா அப்படித்தான ஓட்டினேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்னை நம்பியதைப் பார்த்தேன். அவள் தோள் தளர்ந்தது. "சரி. அப்பன்னா நானே போயி எடுத்துட்டு வந்து மேருவுல விட்டுர்றேன். ஃபோர்மேன் பம்ப் கெடச்சிருச்சின்னு போன வாரம் மெசேஜ் பண்ணியிருக்காரு, இப்பதான் உங்க போனுல பாத்தேன். நீங்க பாக்கலியா? சனிக்கிழம ஒரு மணிக்கு மூடிருவாரு."

அந்தச் செய்தியை நான் பார்த்திருந்தேன். வண்டி போய்விட்டதே என்று பதில் போடவில்லை.

"லோரி கூப்புட்டு ஏத்திட்டு வரலாம்" என்றேன்.

"எதுக்கு? நிக்கும்னு இப்பதான சொன்னீங்க?"

நானும் வருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா. நீங்க வந்தா அந்த அண்ணேகிட்ட வேற ஏதாவது சொல்லுவீங்க" என்றாள். வாடகைக் கார் பிடித்துப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து நான் ஒருமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. ஓட்டுகிறாள், ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை கட்டியது.

பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. அவள் எண்ணிலிருந்து, வேறொருவர் குரலில்.

தீவின் பாலத்தைத் தாண்டிக் கிள்ளானுக்கு வரும் சாலையில் ஒரு சிவப்பு விளக்கு. முன்னால் சரக்கு ஏற்றிய லோரி நின்றிருக்கிறது. பெடல் தரை வரை போய்விட்டது, திரும்பி வரவில்லை. லோரிக்கு அடியில் போகாமல் இடது பக்கம் புல்வெளியில் திருப்பியிருக்கிறாள். வண்டி பெரிய லோங்காங்கில் மூக்கு குத்தி நின்றது. அந்தச் சாக்கடைக் கால்வாயில் நல்ல வேளையாகத் தண்ணீர் அதிகம் இல்லை. இரண்டு பேர் இறங்கிக் கதவைத் திறந்து அவளைத் தூக்கினார்கள். அவள் உயிரை இரண்டாவது முறையும் முகம் தெரியாதவர்கள்தான் எனக்கு மீட்டுக் கொடுத்தார்கள்.

கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. விலா எலும்பில் விரிசல். நெற்றியில் ஏழு தையல். மருத்துவமனைப் படுக்கையில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ மிதிச்சேன்பா" என்றாள். "மூனாவதும் மிதிச்சேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குற்றம் சாட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மாலை பார்வையாளர் நேரத்தில் தோட்டத்து மண்டோர் வந்தார். தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிருங்க சார். நான் பாப்பாவ ஓட்ட விட்டிருக்கக் கூடாது. என் மேலதான் தப்பு. எங்கப்பா சொல்ல மறந்துட்டாருண்ணே, எனக்கு இந்த வண்டி பழக்கம்னு சொல்லிச்சி. நானும் விட்டுட்டேன்."

மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். என்னைப் பொய்யன் ஆக்காமல் காப்பாற்றியிருக்கிறாள், அந்த வண்டியில் ஏறி உட்காருவதற்கு முன்னால். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"மறக்கல" என்றேன். "எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்ப மறைச்சேன்."

அவர் பழப் பையை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் பையின் காதைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மொத நாளே பெடல் உள்ள போச்சு சார்" என்றார். "என் சம்சாரம் சொன்னா, வண்டில ஏதோ கோளாறு இருக்குன்னு. நான்தான் அவள ஏசுனேன். சார் ஓட்டிக் காட்டுனப்ப நல்லா நின்னுச்சே, வாத்தியார் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு, எனக்குத்தான் ஃபோர்வீல் ஓட்டத் தெரியல போலன்னு. என் காலு மேலதான் சார் நான் சந்தேகப்பட்டேன். ஒம்போது நாளு. அந்தக் காலோடதான் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனேன்."

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "குடுங்க சார்" என்றார். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். கட்டிலருகே போய், "வரேன் பாப்பா, ஒடம்ப பாத்துக்க" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வண்டி இரும்புக் கடைக்குப் போனது. ஃபோர்மேன் தேடிப் பிடித்த பம்ப் அவர் பட்டறையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எலும்பு கூட ஏழு வாரம் ஆனது. கட்டைப் பிரித்த மறு வாரம் மகள் தலைநகரில், ப்ரிக்பீல்ட்ஸில் இரண்டு தோழிகளோடு ஓர் அறை எடுத்தாள். வேலை ஷா ஆலமில். கிள்ளானிலிருந்து போவதுதான் பக்கம்; ப்ரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் அதைவிட இரண்டு மடங்கு தூரம் ரயிலில் வர வேண்டும். வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் இது புரியாது. பள்ளியில் கேட்டவர்களிடம், "ஃப்ரெண்ட்ஸோட இருக்க ஆசப்படுது" என்றேன். அவர்களும் சரி என்றார்கள். நான் சொன்னால் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை அவள். வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். மரியாதையாகப் பேசுகிறாள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். முன்பு என்னோடு எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், இப்போது அது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அவளைப் பார்க்க ரயிலில் போனோம். மனைவிக்குச் சில வாரமாக மார்பில் ஒரு பிடிப்பு, ஸ்கேன் எடுத்திருந்தோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சோறு வருவதற்குள் மகள் கேட்டாள்.

"அம்மாவுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"பயப்பட ஒன்னுமில்லையாம்மா" என்றேன். "நெஞ்சுல கோளாறு எதுவும் இல்ல. தச புடிப்புதான்னாரு. மருந்து எழுதிக் குடுத்திருக்காரு."

அவள் சரி என்று தலையசைத்தாள். தண்ணீர்க் குவளையை அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு என்னைத் தாண்டி அவளிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, நீயும் ரூமுக்குள்ளதான இருந்த? டாக்டர் என்ன சொன்னாரோ, அத அப்படியே சொல்லு."

மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். டாக்டர் மலாயில் சொன்னதை மலாயிலேயே, ஒரு சொல் விடாமல் சொன்னாள். நான் சொன்னதேதான். அதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. மகள் கடைசி வரை கேட்டாள். பிறகுதான் அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போனது.

பரிமாறுகிறவர் வந்து இலையில் சோறு வைத்தார். "கொழம்பு என்ன சார், மீனா, கோழியா?" என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்னால் மகளே எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னாள்.